ஏழு வாக்கில் கைமாறிய ஆசனம்

2015 ஆகஸ்ட் 17 அன்று நடந்த பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு ஏழு ஆசனங்கள். கட்சிகளைச் சின்னத்தால் சொன்னால், வீட்டுக்கு (தமிழரசுக் கட்சி) ஐந்து, வீணைக்கு (ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி) ஒன்று, யானைக்கு (ஐக்கிய தேசியக் கட்சி) ஒன்று என்று முடிவு வந்தது. சைக்கிளுக்கு (தமிழ்க் காங்கிரஸ்) எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் யானைக்கு அந்த ஓர் ஆசனத்தை வாங்கிக் கொடுத்தவை சைக்கிளுக்கு விழுந்த வாக்குகள்தான். சைக்கிளுக்குப் புள்ளடியிட்டவர்களில் ஏழு பேர் அன்று வீட்டிலேயே இருந்திருந்தால், தமிழரசுக் கட்சிக்கு ஆறாவது ஆசனம் கிடைத்திருக்கும், ஐக்கிய தேசியக் கட்சி வெறுங்கையோடு திரும்பியிருக்கும்.

இது எப்படி நடந்தது என்று கேட்டால், வாக்கெண்ணும் நிலையங்களில் இரவிரவாக விழித்திருக்கும் முகவர்களில்கூடப் பலருக்குச் சொல்லத் தெரியாது. நம்முடைய முறைக்கு விகிதாசார முறை என்று பெயர். அந்தப் பெயரை நம்பி, ‘எத்தனை வீதம் வாக்கோ அத்தனை வீதம் ஆசனம்’ என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வாக்குக்கும் ஆசனத்துக்கும் நடுவில் மூன்று படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் ஆசனம் கைமாறலாம். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். பென்சிலும் முடிவுத்தாளும் இருந்தால் போதும், யாரும் செய்து பார்க்கலாம்.

முதலில், இந்த முறை ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 1977 வரை இலங்கையில் தொகுதிவாரித் தேர்தல்தான் இருந்தது. ஒரு தொகுதியில் யாருக்குக் கூடுதல் வாக்கோ அவர் வென்றார். 1970இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதும் 37.9 வீத வாக்கு எடுத்து 17 இடங்கள் பெற்றது. அதைவிட ஒரு வீதம் குறைவாக எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 91 இடங்கள். 1977இல் காற்று மாறி வீசியது. ஐக்கிய தேசியக் கட்சி சுமார் 51 வீத வாக்கோடு 168 இடங்களில் 140ஐ அள்ளியது. 29.7 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு எட்டே எட்டு. 18 இடங்கள் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது அப்படித்தான். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தொகுதிகளைக் கலைத்து, கட்சிகள் மாவட்டத்துக்கு ஒரு வேட்பாளர் பட்டியல் போடும் முறையைக் கொண்டுவந்தது. அது முதன்முதலாகப் பாராளுமன்றத் தேர்தலில் நடைமுறைக்கு வந்தது 1989 பெப்ரவரியில். இடையில் 1982இன் மக்கள் தீர்ப்பு (சர்வசன வாக்கெடுப்பு) பழைய பாராளுமன்றத்தின் ஆயுளை நீட்டிவிட்டது.

பழைய தொகுதிகளின் பெயர்கள் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நல்லூர், கோப்பாய், உடுப்பிட்டி, சாவகச்சேரி என்று முடிவுகள் ஒவ்வொன்றாக வரும்போது ‘நல்லூரை நாங்கள் வென்றோம்’ என்று வெடி கொளுத்துவார்கள். ஆசனக் கணக்கில் அதற்கு ஒரு பெறுமதியும் இல்லை. மாவட்டத்தின் மொத்தம் மட்டுமே கணக்கு.

இனிக் கணக்கு. 2020 ஆகஸ்ட் 5 தேர்தலின் யாழ்ப்பாண முடிவை எடுத்துக்கொள்வோம், அதில் எல்லாப் படிகளும் தெளிவாகத் தெரியும். செல்லுபடியான வாக்குகள் 359,130. தமிழரசுக் கட்சிக்கு 112,967, தமிழ்க் காங்கிரசுக்கு 55,303, சுதந்திரக் கட்சிக்கு 49,373, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சிக்கு 45,797, தமிழ் மக்கள் தேசியக் கூட்டணிக்கு 35,927. இவற்றுக்குக் கீழே ஐக்கிய மக்கள் சக்தி 13,564 வாக்குகளோடும், இன்னும் பல கட்சிகளும் சுயேச்சைக் குழுக்களும் சில்லறை வாக்குகளோடும் இருந்தன. ஆசனங்கள் ஏழு.

முதற்படி, வெட்டுப்புள்ளி. செல்லுபடியான வாக்குகளில் இருபதில் ஒரு பங்கு, அதாவது ஐந்து வீதம் பெறாத எந்தப் பட்டியலும் போட்டியிலிருந்து விலக்கப்படும். இங்கே அந்தக் கோடு 17,956.5இல் விழுகிறது. மேலே சொன்ன ஐந்து பட்டியல்கள் தப்புகின்றன, மற்றவை போய்விடுகின்றன. கவனிக்க வேண்டியது இதுதான்: விலக்கப்பட்ட பட்டியல்களின் வாக்குகள் மொத்தத்திலிருந்தும் கழிக்கப்படுகின்றன. ஐந்து பட்டியல்களின் கூட்டுத்தொகை 299,367. இனிமேல் இந்த எண்தான் மொத்தம்.

இரண்டாம் படி, போனஸ். மாவட்டத்தில் முதலிடம் பெற்ற பட்டியலுக்கு ஓர் ஆசனம் எடுத்த எடுப்பிலேயே கொடுக்கப்படும். அது தமிழரசுக் கட்சிக்குப் போகிறது. மீதி ஆறு.

மூன்றாம் படி, பங்கீடு. 299,367ஐ ஆறால் வகுத்தால் 49,894.5. பின்னம் வந்தால் அடுத்த முழு எண்ணை எடுக்க வேண்டும் என்பது விதி. ஆகவே 49,895. இதை ஆசனத்தின் விலை என்று வைத்துக்கொள்ளலாம். முழு விலை கொடுக்கக்கூடியவர்களுக்கு முதலில் ஆசனம். தமிழரசுக் கட்சியால் இரண்டு வாங்க முடிகிறது, கையில் மிச்சம் 13,177. காங்கிரசால் ஒன்று, மிச்சம் 5,408. சுதந்திரக் கட்சிக்கு 522 வாக்கு போதவில்லை, ஒன்றும் வாங்க முடியவில்லை. மற்ற இருவருக்கும் அதே கதி. மூன்று ஆசனங்கள் விலைபோயின, மூன்று மிஞ்சியிருக்கின்றன. அவை யாரிடம் மிச்ச வாக்கு அதிகமோ அவர்களுக்கு இறங்குவரிசையில் போகும். எதுவும் வாங்காதவர்களின் முழு வாக்குமே மிச்சம்தானே: சுதந்திரக் கட்சி 49,373, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 45,797, கூட்டணி 35,927. மூவருக்கும் ஒவ்வொன்று. இறுதி முடிவு 3, 1, 1, 1, 1.

இந்த முடிவைச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும். 55,303 வாக்குக்கும் ஓர் ஆசனம், 35,927 வாக்குக்கும் ஓர் ஆசனம். காங்கிரஸ் ஆசனத்தை முழு விலைக்கு வாங்கியது, கூட்டணி அதை மிச்சக் கணக்கில் பெற்றது. முதலிடத்துக்கு வந்த வீட்டுக்கு ஓர் ஆசனம் சராசரியாக 37,656 வாக்குக்குக் கிடைத்தது. இந்த முறையில் நல்ல இடங்கள் இரண்டு: ஒன்று முதலிடம், மற்றது விலைக்குச் சற்றுக் கீழே. விலையை எட்டி, அதற்குமேல் கொஞ்சம் வைத்துக்கொண்டு நிற்பவருக்கு அந்தக் கொஞ்சம் வீண்.

இப்போது 2015க்குத் திரும்பலாம். செல்லுபடியான வாக்குகள் 300,309. தமிழரசுக் கட்சி 207,577, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 30,232, ஐக்கிய தேசியக் கட்சி 20,025, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பு 17,309, தமிழ்க் காங்கிரஸ் 15,022. வெட்டுப்புள்ளி 15,015.45. காங்கிரஸ் ஆறரை வாக்கால் கோட்டைத் தாண்டியிருக்கிறது. ஆசனம் கிடைக்கும் அளவுக்கு அது தாண்டவில்லை. ஆனால் கோட்டைத் தாண்டியதால் அதன் 15,022 வாக்குகளும் மொத்தத்துக்குள் நின்றுவிட்டன. ஐந்து பட்டியல்களின் கூட்டுத்தொகை 290,165, ஆறால் வகுத்தால் விலை 48,361. வீடு நான்கை வாங்கியது, மிச்சம் 14,133. மீதி இரண்டு ஆசனங்கள் 30,232 வைத்திருந்த வீணைக்கும் 20,025 வைத்திருந்த யானைக்கும் போயின.

சைக்கிள் கோட்டுக்குக் கீழே நின்றிருந்தால்? கூட்டுத்தொகை 275,143 ஆகிறது. விலை 45,858க்கு இறங்குகிறது. வீடு அதே நான்கைத்தான் வாங்குகிறது, ஆனால் மலிவாக. மிச்சம் 24,145. அது யானையின் 20,025ஐவிட அதிகம். போனஸ் ஒன்று, விலைக்கு நான்கு, மிச்சத்தில் ஒன்று என்று ஆறு ஆசனங்கள்.

இதைவிட என்னை அதிகம் உறுத்துவது இன்னோர் எண். அந்தத் தேர்தலில் யாழ்ப்பாணத்தில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 25,496. வெட்டுப்புள்ளி செல்லுபடியான வாக்குகளின் மொத்தத்தோடு சேர்ந்து நகரும். நிராகரிக்கப்பட்டவற்றில் வெறும் 132 வாக்குகள், சைக்கிளைத் தவிர எந்தக் கட்சிக்காவது ஒழுங்காகப் புள்ளடியிடப்பட்டிருந்தால், கோடு 15,022க்கு மேலே ஏறியிருக்கும், சைக்கிள் அதற்குக் கீழே விழுந்திருக்கும். 25,496இல் 132.

இந்த ஐந்து வீதக் கோடு முதலில் எட்டில் ஒரு பங்காக, அதாவது பன்னிரண்டரை வீதமாக இருந்தது. முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் அப்போதைய பிரதமர் பிரேமதாசவிடம் வலியுறுத்தியதன் பயனாக, 1988இல் பதினைந்தாவது திருத்தம் அதை இருபதில் ஒன்றாக இறக்கியது. சிதறி வாழும் சிறிய சமூகங்களுக்கு இது எத்தனை பெரிய மாற்றம் என்பதற்கு 2020இன் யாழ்ப்பாண முடிவே சாட்சி. பழைய கோடு இருந்திருந்தால் சரியாகப் பத்து வீதம் எடுத்த கூட்டணி வெளியே, 12.75 வீதம் எடுத்த வீணை மயிரிழையில் உள்ளே. ஆகவே வெட்டுப்புள்ளியை மறுபடி உயர்த்த வேண்டும் என்று யாராவது பேசும்போது, அது வெறும் நிர்வாக ஒழுங்கு பற்றிய பேச்சு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுத்து போனஸ். 2020இல் அது இல்லாவிட்டாலும் முடிவு மாறியிருக்காது. ஏழால் வகுத்துப் பாருங்கள், வீட்டுக்கு மூன்றுதான் வரும். 2024 நவம்பர் 14இல் கதை வேறு. அப்போது மாவட்டத்துக்கு ஆறு ஆசனங்கள்தான். திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, ஊசிச் சின்னத்தில் நின்ற 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855, சங்குச் சின்னத்தில் நின்ற ஜனநாயக தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி 17,730. போனஸ் போக ஐந்தால் வகுத்தால் விலை 48,049. திசைகாட்டிக்கு மூன்று, வீட்டுக்கு ஒன்று, சைக்கிளுக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று. ஏறத்தாழக் கால்வாசி வாக்குக்குப் பாதி ஆசனங்கள். போனஸ் இல்லாமல் ஆறால் வகுத்திருந்தால் விலை 40,041 ஆகி, திசைகாட்டிக்கு இரண்டும் வீட்டுக்கு இரண்டும் வந்திருக்கும்.

வீடும் சங்கும் ஒரே பட்டியலில் நின்றிருந்தால் என்று பலரும் கேட்டார்கள். இரண்டு கட்சிகள் சேர்ந்தால் வாக்குகள் அப்படியே கூடி வரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சேர்ந்ததாலேயே விலகிப் போகிறவர்களும் உண்டு. கணக்குக்காக மட்டும் கூட்டினால் 85,840. அது திசைகாட்டியைத் தாண்டுகிறது, ஆகவே போனஸ் இந்தப் பக்கம் வருகிறது. மூன்று வீட்டுக்கு, இரண்டு திசைகாட்டிக்கு, ஒன்று சைக்கிளுக்கு. ஊசிக்கு இல்லை. சங்கின் 22,513 வாக்குகள் தனியே நின்றதால் ஓர் ஆசனமும் பெறவில்லை, ஆனால் கோட்டைத் தாண்டியதால் விலையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றன. 2015இல் சைக்கிள் நின்ற இடத்தில்தான் 2024இல் சங்கு நின்றது.

நாடளாவிய கணக்கில் போனஸின் வேலையை இன்னும் துலக்கமாகப் பார்க்கலாம். 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு 61.56 வீத வாக்கு. நாடு முழுவதும் விழுந்த வாக்கின்படி பகிரப்படும் தேசியப் பட்டியலின் 29 ஆசனங்களுக்குப் போனஸும் கிடையாது, ஐந்து வீதக் கோடும் கிடையாது. அதில் அவர்கள் பெற்றது 18, அதாவது 62 வீதம். மாவட்டங்களின் 196 ஆசனங்களில் பெற்றதோ 141, கிட்டத்தட்ட 72 வீதம். வாக்கு ஒன்றுதான், கணக்கு இரண்டு. மட்டக்களப்பைத் தவிர 21 மாவட்டங்களிலும் முதலிடம் அவர்களுக்கே என்பதால் 21 போனஸ் ஆசனங்கள். மொத்தம் 159. 196உம் 29உம் சேர்ந்த 225இல் மூன்றில் இரண்டுக்கு 150 போதும்.

மாவட்டம் சிறிதாக இருந்தால் இந்தச் சாய்வு கூடும். திருகோணமலைக்கு நான்கே ஆசனங்கள். போனஸ் போக மூன்றால் வகுத்தால் விலை மூன்றில் ஒரு பங்கு வாக்கு. அங்கே ஐந்து வீதத்தைத் தாண்டுவது பேச்சுக்குத்தான் தகுதி. பத்தொன்பது ஆசனங்கள் உள்ள கம்பஹாவிலோ பதினெட்டால் வகுக்கிறார்கள், ஐந்தாறு வீதம் எடுத்தாலே ஆசனத்தைத் தொட்டுவிடலாம்.

இனி வாக்குச்சீட்டு. 2020இல் யாழ்ப்பாணத்தில் நிராகரிக்கப்பட்டவை 35,006. அளிக்கப்பட்ட நூறு வாக்குகளில் ஏறத்தாழ ஒன்பது. அந்தத் தேர்தலில் 35,927 வாக்குக்கு ஓர் ஆசனம் கிடைத்தது என்பதை நினைவில் வையுங்கள். 2024இல் 32,767 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன, அது சைக்கிளும் ஊசியும் தனித்தனியே ஆசனம் வென்ற வாக்குகளைவிட அதிகம். இவ்வளவு பேர் வேண்டுமென்றே கெடுத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன். 2024இல் 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள். அவ்வளவு நீளச் சீட்டை மறைப்புக்குள் விரித்துச் சின்னத்தைத் தேடுவது வயதானவர்களுக்கு லேசான காரியமல்ல. போதாக்குறைக்கு, இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எண் போடப் பழக்கியிருந்தார்கள்.

பாராளுமன்றத் தேர்தலில் எண் எழுதுவதில்லை. முதலில் கட்சியின் அல்லது குழுவின் சின்னத்துக்கு எதிரே உள்ள கட்டத்தில் ஒரு புள்ளடி. அதுதான் வாக்கு. பிறகு விரும்பினால், சீட்டின் அடியில் உள்ள இலக்கங்களில் ஒன்றுக்கோ இரண்டுக்கோ மூன்றுக்கோ புள்ளடி. அது விருப்பு வாக்கு. அடியிலுள்ள கட்டங்களில் வேட்பாளர்களின் பெயர்கள் இருக்காது, இலக்கங்கள் மட்டுமே. அந்த இலக்கங்கள் எல்லாப் பட்டியல்களுக்கும் பொது. நீங்கள் ‘ஐந்து’ என்று மனதில் வைத்துக்கொண்டு போய், தவறுதலாகப் பக்கத்துச் சின்னத்துக்குப் புள்ளடியிட்டால், உங்கள் விருப்பு வாக்கு அந்தக் கட்சியின் ஐந்தாம் இலக்கக்காரருக்குப் போய்ச் சேரும்.

சீட்டு கெடும் வழிகள் சிலதான். இலக்கத்துக்கு மட்டும் புள்ளடியிட்டு, சின்னத்தை விட்டுவிட்டால் முழு வாக்கும் போய்விடும். தங்கள் வேட்பாளரின் இலக்கத்தை மட்டுமே மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்களுக்கு நேர்வது இதுதான், அந்தப் பழி இலக்கத்தை மட்டும் கத்திப் பிரசாரம் செய்த வேட்பாளர்களையே சேரும். இரண்டு சின்னங்களுக்குப் புள்ளடியிட்டாலும் நிராகரிப்பு. வெறுஞ்சீட்டும் அப்படியே. பெயர், கையொப்பம் என்று போட்டவர் யாரென்று காட்டிக்கொடுக்கும் எதுவும் இருந்தாலும் அப்படியே. நான்கு இலக்கங்களுக்குப் புள்ளடியிட்டால் விருப்பு வாக்குகள் மட்டும் செல்லாது, கட்சிக்கான வாக்கு நிற்கும். பலர் இதற்குப் பயந்து புதுச் சீட்டுக் கேட்கத் தடுமாறுகிறார்கள், பயம் தேவையில்லை.

வாக்கெண்ணும் நிலையத்தில் கட்சி வாக்குகளை எண்ணி முடித்த பிறகே விருப்பு வாக்குகளுக்கு வருவார்கள். 112,967 பேர் ஆளுக்கு மூன்று போட்டால் 338,901 புள்ளடிகள். ஒரு சீட்டுக்கு மூன்று முறை கண் ஓட வேண்டும். தாமதத்துக்கும், தாமதத்தால் வரும் சந்தேகத்துக்கும் காரணம் இதுவே. கட்சி வாக்கின்போது கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நின்ற முகவர்கள், விடிகாலையில் விருப்பு வாக்கு எண்ணும் நேரம் அசந்துவிடுவார்கள். அனுபவமுள்ள கட்சிகள் இதற்கென்றே இரண்டாவது குழுவை மாற்றி அனுப்பும். பட்டியலுக்குக் கிடைத்த ஆசனங்கள் விருப்பு வாக்கின் வரிசைப்படி நிரப்பப்படும். பின்னர் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் கிடையாது, அதே பட்டியலில் அடுத்ததாக விருப்பு வாக்கு பெற்றவர் வருவார். பட்டியலில் ஆசனங்களைவிட மூன்று பெயர்கள் கூடுதலாகக் கேட்கிறார்கள்: ஏழு ஆசனங்களுக்குப் பத்துப் பேர், ஆறுக்கு ஒன்பது.

தேசியப் பட்டியலுக்கு விருப்பு வாக்கு இல்லை, கட்சிச் செயலாளரின் கடிதம்தான். தோற்ற வேட்பாளரையும் நியமிக்கலாம். 2020இல் ஐக்கிய தேசியக் கட்சி நாடு முழுவதும் 249,435 வாக்குகள், 2.15 வீதம் எடுத்து ஒரு மாவட்டத்திலும் வெல்லவில்லை. தேசியப் பட்டியலில் மிச்சக் கணக்கில் ஓர் ஆசனம் விழுந்தது. அதில் 2021 ஜூனில் வந்து அமர்ந்த ரணில் விக்கிரமசிங்க 2022 மேயில் பிரதமர், ஜூலையில் ஜனாதிபதி.

கடைசியாக, எத்தனையால் வகுக்கிறோம் என்ற கேள்வி. மாவட்ட ஆசனங்கள் 196இல் 36, மாகாணம் ஒன்றுக்கு நான்கு ஆசனங்கள் என்று ஒதுக்கப்பட்டவை. மற்ற 160 வாக்காளர் இடாப்பில் உள்ள பெயர்களின் எண்ணிக்கைப்படி பகிரப்படுகின்றன. 2024இல் சுமார் 107,000 பெயருக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கு. இந்தப் பகிர்வுக்குச் சனத்தொகை கணக்கில்லை, வாக்களித்தவர் தொகையும் கணக்கில்லை, இடாப்பில் இருக்கும் பெயர் மட்டுமே கணக்கு. யாழ்ப்பாணத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள், 2015இல் ஏழு, 2024இல் ஆறு. போரும் இடப்பெயர்வும் கடல்கடந்து போனதும் அந்த எண்களுக்குள் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியும் இல்லை. இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது, வீடு வீடாகப் பெயரெடுக்கும் பொறுப்பு கிராம அலுவலருடையது. பதினெட்டு வயதான பிள்ளையின் பெயர், கொழும்பில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் பதிவு வைத்திருப்பவரின் பெயர், மணமுடித்து வந்த மருமகளின் பெயர் எல்லாம் விடுபடுவது அந்தத் திருத்தத்தில்தான். தேர்தல் அறிவித்த பிறகு அவற்றைச் சேர்க்க முடியாது.